கேஸ் டிடெக்டர் தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் வழி

சாயப்பட்டறை சுத்திகரிப்பு நிலையம், தோல் தொழிற்சாலை, அம்மோனியா குளிர்பதனக் கிடங்கு, பெரிய ஓட்டல் சமையலறை என எங்கிருந்து போன் வந்தாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "சென்சார் போயிடுச்சு, புதுசு என்ன விலை?" போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் சென்சார் போயிருக்காது. வடிகட்டி அடைத்திருக்கும், காலிபரேஷன் சிலிண்டர் (கருவியைச் சோதித்துச் சரிசெய்ய, அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர்) காலாவதியாகியிருக்கும், அல்லது ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று ஜீரோ செய்திருப்பார்கள், அதாவது அந்தப் புகைக் காற்றையே சுத்தமான காற்று என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நிஜமாகவே சென்சார் செத்த டிடெக்டரோ எந்தப் புகாரும் இல்லாமல் பச்சை விளக்கோடு யாரோ ஒருவரின் சட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

இதில் பெரும்பகுதி நாலு கேஸ் மீட்டர் பற்றியது, அதாவது ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் பார்க்கும் கையடக்கக் கருவி. சுவரில் நிரந்தரமாகப் பொருத்தியவை பின்பகுதியில்.

கையில் இருக்க வேண்டியவை: தேதி முடியாத காலிபரேஷன் சிலிண்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் விடும் ரெகுலேட்டர், மீட்டரோடு வந்த மூடியும் குழாயும், மாற்று வடிகட்டி, ஒரு மல்டிமீட்டர், அப்புறம் கருவியின் கையேடு. கையேட்டைத் தொலைத்துவிட்டால் தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கட்டாயம். அலாரம் அடித்தால் முதலில் வெளியே வாருங்கள், பழுதா இல்லையா என்ற ஆராய்ச்சி எல்லாம் வெளியே வந்த பிறகு.

## "கேஸே இல்லை, ஆனால் அலாரம் அடிக்கிறது"

கேஸ் இல்லை என்று எப்படித் தெரிந்தது? மூக்கை வைத்துச் சொன்னால் அந்தப் பதில் செல்லாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். கழிவுநீர்த் தொட்டியில் அமைதியாகக் கிடக்கும் சேற்றைக் கம்பால் கிளறிய நொடியில் அடைந்து கிடந்த வாயு மொத்தமாக மேலே வரும். அரை நிமிடம் முன்பு ஜீரோ காட்டிய மீட்டர் சடாரென்று ஏறுவது பழுது அல்ல.

வெளியே, காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, திரையில் எந்த வாயுவுக்கு அலாரம் என்று பாருங்கள்.

வெளியே வந்ததும் எண் இறங்கினால்: உள்ளே நிஜமாகவே ஏதோ இருந்தது. காற்றடித்து வெளியேற்றி, வெளியிலிருந்தே குழாயை இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் மறுபடி பாருங்கள்.

இறங்காமல் நின்றால், இந்த வரிசையில் போங்கள்:

முதலில் கையில் பூசிய சானிடைசர், சட்டையில் அடித்த பாடி ஸ்பிரே, பக்கத்தில் திறந்து வைத்த தின்னர் டப்பா. ஆல்கஹால் ஆவி எரியும் வாயு சென்சாரையும் ஏற்றும், கார்பன் மோனாக்சைடு சென்சாரையும் ஏற்றும். அடுத்தது டீசல் ஜெனரேட்டர் புகை, ஓடிக்கொண்டிருக்கும் ஃபோர்க்லிஃப்ட்.

பேட்டரி சார்ஜ் செய்யும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் அநேகமாக அது ஹைட்ரஜன். கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு ஹைட்ரஜனும் ஓரளவு தெரியும். "அப்படியானால் பொய் அலாரம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள்.

வாக்கி டாக்கியை மீட்டரோடு ஒட்டி வைத்துப் பேசினால் எண் துள்ளும். ஒரு அடி தள்ளிப் பிடித்துப் பேசிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் அதுதான்.

இதெல்லாம் இல்லையென்றால் மீட்டரைச் சுத்தமான காற்றில் ஓர் இரவு வையுங்கள். கரைப்பான் ஆவியில் ஊறிய சென்சார் மெதுவாகத்தான் இறங்கும். காலையில் வெட்டவெளியில் ஜீரோ செய்யுங்கள். அப்படியும் அதே எண் என்றால் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

## நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டவில்லை

ஏசி அறையிலிருந்து எடுத்து 40 டிகிரி ஷெட்டுக்குள் கொண்டுபோனால் சில நிமிடங்களுக்கு எண் ஆடும். பொறுங்கள். அப்புறம் வெட்டவெளியில் ஜீரோ செய்தால் 20.5, 21.1 மாதிரி சின்ன விலகல் எல்லாம் சரியாகிவிடும்.

நீராவி நிறைந்த இடமா? சாய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் 35 டிகிரியில் காற்று முழுக்க ஈரமாக இருந்தால், ஐந்து சதவீதத்துக்கு மேல் இடத்தை நீராவியே பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் 19.7 வரை இறங்கிக் காட்டுவது அங்கே சரியான அளவீடுதான். மீட்டரை வெளியே உலர்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து 20.9க்குத் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை யோசிப்பதே இல்லை. அலாரம் 19.5ல் தானே அடிக்கும், 19.9 காட்டுகிறது, தொட்டிக்குள் இறங்கலாம் என்கிறார்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அது ஒரு சதவீதம் குறைய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஐந்து சதவீதக் காற்றை வேறு ஏதோ தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து சதவீதம் என்பது 50,000 பிபிஎம். அது நீராவி என்றால் சரி. நைட்ரஜனோ கார்பன் டையாக்சைடோ என்றால்? உங்கள் நாலு கேஸ் மீட்டருக்கு அவை இரண்டுமே தெரியாது. 20.9லிருந்து எண் அசைந்தால், என்ன தள்ளியது என்று பதில் கிடைக்கும் வரை யாரையும் இறக்காதீர்கள்.

20.9க்கு மேலே போனால்: கேஸ் கட்டிங் ஷெட், மருத்துவமனையின் சிலிண்டர் அறை என்றால் நிஜக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 23.5ல் அலாரம் வைத்திருப்பது தீக்காக. ஆக்சிஜன் கூடின காற்றில் எண்ணெய் பட்ட துணி பற்றினால் அணைக்க முடியாது.

நாளுக்கு நாள் இறங்கி, ஜீரோ செய்தும் ஒட்டாமல் போனால்: சென்சார் ஆயுள் முடிந்தது. வழக்கமான ஈய வகை சென்சார் சுமார் இரண்டு வருடம் வரும், பயன்படுத்தினாலும் அலமாரியில் வைத்தாலும் தேயும். ஈயம் இல்லாத வகை கூடுதலாக உழைக்கும். வாங்கும்போதே தேதியை மீட்டரின் முதுகில் ஸ்டிக்கரில் எழுதி வையுங்கள். அவசரத்துக்கு ஒரு சோதனை: சென்சார் மேல் வாயை வைத்து மெதுவாக மூச்சு விடுங்கள். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் 16 சதவீதம் பக்கம்தான் இருக்கும், எண் இறங்கி அலாரம் அடிக்க வேண்டும். அசையவில்லையென்றால் அந்த மீட்டரை ஓரம் வையுங்கள். அசைந்தால் ஆக்சிஜன் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், மற்ற மூன்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

## எப்போது பார்த்தாலும் ஜீரோ

புகாராகவே வராத அறிகுறி இது. எனக்கு இதைப் பார்த்தால்தான் பயம். எரியும் வாயு சென்சார் முழுதாகச் செத்தாலும் திரையில் ஜீரோதான், நல்ல காற்றிலும் ஜீரோதான். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரே வழி, தெரிந்த அளவு வாயுவைக் காட்டிப் பார்ப்பது. தொட்டிக்குள் இறங்கும் நாளில் எல்லாம், இறங்குவதற்கு முன்னால். ஒரு நிமிட வேலை.

நாலு கேஸ் சிலிண்டர்களில் பரவலாகக் கிடைப்பதில் 100 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு, 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெடிக்கும் கீழ் எல்லையில் (காற்றில் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) பாதி அளவு மீத்தேன், 18 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். மூடியைப் போட்டு வாயுவை விட்டால் நான்கு அலாரமும் அடிக்க வேண்டும், எண்கள் சிலிண்டர் லேபிளில் உள்ளதை நெருங்க வேண்டும். எவ்வளவு நெருங்கினால் போதும் என்பது கையேட்டில் இருக்கும்.

நான்குமே குறைவாக ஏறினால்: சென்சார் நான்கும் ஒரே நாளில் சாகாது. சிலிண்டர் அழுத்தம் தீர்ந்ததா, மூடி சரியாக உட்கார்ந்ததா, குழாய் மடங்கியதா, முன்பக்க வடிகட்டி அழுக்கேறி நனைந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் குறைந்தால்: சிலிண்டரைச் சந்தேகியுங்கள். இந்த வாயு உலோகத்திலும் ரப்பரிலும் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. பித்தளை ரெகுலேட்டர், நீளமான சிலிக்கோன் குழாய், தேதி முடிந்த சிலிண்டர் மூன்றில் எது இருந்தாலும் வழியிலேயே கொஞ்சம் காணாமல் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெகுலேட்டர், டெஃப்லான் குழாய், அதுவும் குட்டையாக. அதே சிலிண்டரை நன்றாக இருக்கும் இன்னொரு மீட்டருக்குக் காட்டுங்கள். அதிலும் குறைந்தால் தப்பு சிலிண்டர் பக்கம்.

எரியும் வாயு மட்டும் ஏறவில்லையென்றால்: சென்சாருக்கு விஷம் ஏறியிருக்கிறது. பெரிய குற்றவாளி சிலிக்கோன். மோல்டில் அடிக்கும் ஸ்பிரே, சீலன்ட், டாஷ்போர்டு பாலிஷ், சில லூப்ரிகன்ட்கள். மீட்டர் பளபளப்பாக இருக்கட்டும் என்று பாலிஷ் போட்டுத் துடைத்தே சென்சாரைக் கொன்றுவிடுகிறார்கள். ஈரத்துணி போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகம் உள்ள இடத்தில் தொடர்ந்து வைத்தாலும் மந்தமாகும், ஆனால் அதிலிருந்து சில நேரம் மீண்டு வரும். ஒருமுறை காலிபரேட் செய்து பாருங்கள். ஏற்றுக்கொண்டால் மறுநாள் மறுபடி வாயு காட்டுங்கள், மீண்டும் விழுந்திருந்தால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

வாயு காட்டினால் நன்றாக ஏறுகிறது, ஆனால் தொட்டிக்குள் ஜீரோ: இது கருவியின் பழுதே இல்லை, இருந்தும் ஆளைக் கொல்லும். எரியும் வாயு சென்சாரில் பெரும்பாலானவை உள்ளுக்குள் வாயுவை எரித்துத்தான் அளக்கின்றன, எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய டேங்கில் ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு மீத்தேன் இருந்தாலும் குறைத்தே காட்டும். அதனால் திரையில் ஆக்சிஜனைப் பார்த்த பிறகுதான் எரியும் வாயு எண்ணை நம்ப வேண்டும். அந்த மாதிரி டேங்குகளுக்கு அகச்சிவப்பு சென்சார் உள்ள மீட்டர் வேண்டும். அதற்கோ ஹைட்ரஜன் தெரியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

எரியும் வாயு எண் விர்ரென்று 100ஐ, அதாவது வெடிக்கும் கீழ் எல்லையைத் தாண்டி, அப்புறம் இறங்கிவிட்டது: வாயு குறைந்ததால் இறங்கவில்லை, எரிக்க முடியாத அளவு கூடிவிட்டதால் இறங்கியிருக்கலாம். நல்ல மீட்டர் இந்த நிலையில் எண்ணைப் பூட்டி அலாரத்தை நிறுத்த விடாது. வெளியேறுங்கள். வெட்டவெளியில் ஜீரோ செய்து, வாயு காட்டிப் பார்க்காமல் அதை மறுபடி எடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்த அடியில் சென்சாரே கெட்டிருக்கலாம்.

மீத்தேன் வைத்துக் காலிபரேட் செய்த மீட்டரை எல்பிஜி இடத்தில் பயன்படுத்தினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கையேட்டில் திருத்த எண் அட்டவணை இருக்கும். எல்பிஜி மட்டும்தான் உங்கள் வேலை என்றால் புரொப்பேன் அல்லது பியூட்டேன் சிலிண்டரிலேயே காலிபரேட் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

## மைனஸ் எண் காட்டுகிறது

அசுத்தமான காற்றில் ஜீரோ செய்திருக்கிறார்கள். பத்து பிபிஎம் உள்ள இடத்தில் "இதுதான் ஜீரோ" என்று சொல்லிக் கொடுத்தால் நல்ல காற்றில் மைனஸ் பத்து என்று காட்டும், அதோடு உண்மையான 20 பிபிஎம்மை 10 என்று குறைத்துக் காட்டும், ஆபத்து அதில்தான். கேட்டுக்கு வெளியே போய் மறுபடி ஜீரோ. சில வாயுக்கள் சில சென்சார்களை மைனஸுக்கு இழுக்கும், குளோரின் சென்சாரை ஹைட்ரஜன் சல்ஃபைடு இழுப்பது போல. இரண்டு வாயுவும் ஒரே இடத்தில் வர வாய்ப்பிருந்தால் வாங்கும் முன்பே விற்பவரிடம் கேளுங்கள்.

## பம்பு அலாரம், அல்லது எண் வர ரொம்ப நேரம்

பம்பு உள்ள மீட்டர் தொட்டிக் காற்றைக் குழாய் வழியே உறிஞ்சி அளக்கும். குழாய் நுனியை விரலால் அடைத்துப் பிடியுங்கள். சில நொடியில் பம்பு அலாரம் அடித்தால் பம்பும் குழாயும் நன்றாக இருக்கின்றன. அடிக்கவில்லையென்றால் எங்கோ ஓட்டை, தொட்டிக் காற்றுக்குப் பதில் மேல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மூட்டு மூட்டாக அடைத்துக்கொண்டே மீட்டரை நோக்கி வாருங்கள், அலாரம் அடிக்கத் தொடங்கும் இடத்துக்கு முந்தைய துண்டில்தான் ஓட்டை.

விரல் வைக்காமலே அலாரம் அடித்தால் நீர்த்தடுப்பு வடிகட்டி நனைந்திருக்கும். அதை ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், மாற்றுங்கள், விலை குறைவுதான். வடிகட்டியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆன் செய்யாமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

நேரம் ஆவது பழுதுதானா என்றும் பாருங்கள். வாயு குழாயில் வர ஒரு மீட்டர் நீளத்துக்கு மூன்று நொடி வீதம் கணக்கு வையுங்கள், அதற்கு மேல் சென்சார் எடுத்துக்கொள்ளும் நேரம். பத்து மீட்டர் குழாயைப் போட்டுவிட்டு பத்து நொடியில் தூக்கினால் நீங்கள் அளந்தது மேலே உள்ள காற்றை.

## சுவர் டிடெக்டர்: பேனலில் ஃபால்ட்

வெடிக்கும் வாயு வரக்கூடிய இடத்தில் மின்சாரத்தை நிறுத்தாமல் டிடெக்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அனுமதிச் சீட்டு வாங்கி, கையடக்க மீட்டரால் இடத்தைப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். பேனல் (டிடெக்டர்களின் கம்பிகள் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதி நேரம் அங்கே போக வேண்டிய தேவையே வராது.

சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். 4 என்றால் ஜீரோ, 20 என்றால் முழு அளவு, எரியும் வாயு வெடிக்கும் கீழ் எல்லையில் 20 சதவீதம் என்றால் 7.2 வர வேண்டும். பேனலில் அளந்து பாருங்கள்.

0 வந்தால் கம்பி அறுந்திருக்கும் அல்லது ஃபியூஸ் போயிருக்கும், எலி கடித்த கேபிளும் உண்டு. 4க்குக் கீழே ஒரே எண்ணில் நின்றால் டிடெக்டரே ஃபால்ட் என்று சொல்கிறது, அல்லது யாரோ பராமரிப்பு நிலையில் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது கையேட்டில். எண் ஆடிக்கொண்டே இருந்தால் கேபிளின் ஷீல்டு (உள்ளே சுற்றியிருக்கும் உலோக உறை) இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருக்கிறதா, மோட்டார் டிரைவ் கேபிளோடு ஒரே டிரேயில் ஓடுகிறதா என்று பாருங்கள். பேனலில் 24 வோல்ட் இருந்தும் டிடெக்டர் அடிக்கடி தானே ரீஸ்டார்ட் ஆனால் நீளமான மெல்லிய கேபிளில் வோல்ட் குறைகிறது, டிடெக்டர் முனையில் அளந்தால்தான் தெரியும்.

மழைக்காலத்தில் மட்டும் ஃபால்ட்: கேபிள் கிளாண்ட் (கேபிள் டிடெக்டருக்குள் நுழையும் மூட்டு) வழியாகத் தண்ணீர். கேபிளை டிடெக்டருக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் நீர் அங்கேயே சொட்டிவிடும். சிலந்திக்கூடும் பெயின்டும் அடுத்தவை. ஷெட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் டிடெக்டர் முகத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போனால் பேனல் ஃபால்ட்கூடக் காட்டாது, அழகாக 4 மில்லி ஆம்பியர் வந்துகொண்டிருக்கும். பெயின்ட் வேலை என்றால் உறை மாட்டுங்கள், முடிந்ததும் உறையைக் கழற்றி வாயு காட்டிப் பாருங்கள்.

கசிவு இருந்தும் அடிக்கவில்லை, வாயு காட்டினால் அடிக்கிறது: இடம் தப்பு. எல்பிஜி காற்றைவிட கனம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். அம்மோனியா, மீத்தேன், ஹைட்ரஜன் மேலே போகும். குளிர்பதனக் கிடங்கில் கூரைப் பக்கம் வைத்தாலும் ஃபேன் காற்று அடித்துக்கொண்டு போகும் மூலையில் வைத்தால் பயனில்லை. இதை நீங்களாக மாற்றாதீர்கள், காற்றோட்டத்தைப் பார்த்து இடம் குறிக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

அம்மோனியா அறைச் சென்சார் அடிக்கடி செத்தால் சென்சாரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கம்ப்ரசர் சீலிலோ வால்வு கிளாண்டிலோ எப்போதும் கொஞ்சம் கசிகிறது, அந்த வாயு சென்சாரைத் தின்றுகொண்டிருக்கிறது. கசிவை அடைத்தால் சென்சார் செலவு தானே குறையும், அங்கே எட்டு மணி நேரம் நிற்கும் ஆளின் நுரையீரலும் பிழைக்கும்.

## ஓட்டல், வீட்டு எல்பிஜி அலாரம்

தாளிப்புப் புகை, ஊதுபத்தி, பூச்சி ஸ்பிரே எல்லாவற்றுக்கும் அடிக்கும். அடுப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தரையோரமாக மாற்றினால் அநேகமாக நின்றுவிடும். ஆனால் அடுப்பு அணைந்திருக்கும்போது அடித்தால் கசிவு என்றே எடுங்கள்: எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். மாற்ற வேண்டிய தேதி பின்பக்கம் அச்சாகியிருக்கும், தாண்டியிருந்தால் விளக்கு எரிந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

## சர்வீஸ் ஆளை அழைக்கும்போது

மாடல், சீரியல் எண், ஒவ்வொரு சென்சாரும் மாற்றிய தேதி, சிலிண்டர் லேபிள் போட்டோ, வாயு காட்டியபோது வந்த எண்களின் போட்டோ. இவ்வளவும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி வேலை வருவதற்கு முன்பே முடிந்துவிடும், சரியான சென்சாரையும் கையோடு கொண்டுவருவார். சென்சார் மாற்றினால் காலிபரேஷன் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அதில் பயன்படுத்திய சிலிண்டர் எண்ணும் அதன் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மீட்டர் சர்வீஸில் இருக்கும் நாட்களில் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று யாரையும் தொட்டிக்குள் இறக்க வேண்டாம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948ன் 36வது பிரிவும், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் தந்த சான்றோ, மூச்சுக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டுமோ இல்லாமல் ஆளை இறக்க அனுமதிக்கவில்லை. சர்வீஸ் கடைகளில் வாடகை மீட்டர் கிடைக்கும், அனுப்பும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது வந்ததும் அதற்கும் முதலில் வாயு காட்டிப் பாருங்கள்.